சீமெந்து போடாத மைதானம்

கெல்சென்கிர்ச்சன்
ஜேர்மனி, 12.01.2003

அன்புள்ள தம்பி மூர்த்திக்கு,

அக்கா நாகமுத்து எழுதுறது. நாங்கள் இஞ்சை அம்மாள் புண்ணியத்திலை சுகம். என்ரை முழங்கால் மட்டும் பனியோடை சண்டை பிடிக்குது. நீயும் மகள் மைதிலியும் எப்பிடி? பொங்கலுக்கு முன்னம் இது வந்து சேராது, எண்டாலும் வாழ்த்து வாழ்த்துத் தானே.

உன்ரை மார்கழிக் கடிதம் கிடைச்சது. மைதிலியும் முகாம் பெட்டையளும் கரப்பந்து விளையாடக் கம்பம் நடப்போறம் எண்டு நிண்டவை, நீ முகாம் தலைவர் எண்ட முறையிலை மறிச்சுப் போட்டாய் எண்டு எழுதியிருந்தாய். அதை வாசிச்ச அண்டைக்கே இஞ்சை ஒரு புதினம்.

என்ரை பேத்தி, கணேசின்ரை மகள் மிதுஷா, பள்ளிக்கூட ரீமிலை கரப்பந்து விளையாடுறாள் எண்டு எழுதினனான் எல்லே. பந்தோடை படியேறி வந்தவளை மேல்மாடிக் கிழவி மறிச்சவ. மிர்ட்சா எண்டு பேர். இஞ்சத்தை வழக்கத்துக்கு, எங்கடை திருமதி மாதிரி, ஃபிரௌ மிர்ட்சா. வயசு எழுபத்தாறு. "நீ அடிக்கிற பிள்ளையோ, தூக்கிக் குடுக்கிற பிள்ளையோ?" எண்டு கேட்டிருக்கிறா. மிதுஷா, "தூக்கிக் குடுக்கிறனான்" எண்டாள். உடனே மனிசி சாமான் பையைக் கீழை போட்டிட்டு, இரண்டு கையையும் மேலை தூக்கி விரலை விரிச்சுக் காட்டினவ. உருளைக்கிழங்கெல்லாம் படியிலை உருண்டு எங்கடை கதவடியிலை வந்து நிண்டுது. பொறுக்கிக் குடுக்கப் போன நான் அவ வீட்டிலை கோப்பி குடிச்சிட்டுத் தான் வந்தன். மிதுஷா இருந்து மொழி பெயர்த்தவள்.

தம்பி, அவவும் எங்களைப் போல அகதி. லத்வியா எண்ட நாடு, கடற்கரை ஊர். இரண்டாம் உலகச் சண்டையிலை ரஷ்யன் ஆமி வரத் தாயோடை கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தவ. சண்டை முடிய, லுபெக் பக்கத்திலை இங்கிலீசுக்காரர் நடத்தின முகாமிலை விட்டவை. பழைய ஆமிக் கட்டடம். ஒரு அறைக்கு நாலு குடும்பம், நடுவிலை கம்பளியைத் தொங்கவிட்டுச் சுவர் எண்டு சொல்லுறது. அதுக்குள்ளை இருந்து கொண்டு அவை பெட்டையளுக்கு ஒரு கரப்பந்து ரீம் வைச்சிருந்தவை. நிவாரணப் பெட்டி கட்டி வாற கயிறை எல்லாரும் அவிட்டுச் சேர்த்து, முடிச்சுப் போட்டுத் தாங்களே நெற் பின்னினவையாம். பின்னின ஒரு கிழவனுக்கு மீன்வலை பின்னித் தான் பழக்கம். அதாலை நெற்றின்ரை கண் சின்னனாய்ப் போச்சாம்.

எனக்கு உங்கடை முகாம் தான் கண்ணுக்குள்ளை நிண்டது. யோசிச்சுப் பார்.

எல்லாரையும் கேட்டதாய்ச் சொல்லு.
அன்பு அக்கா,
நாகமுத்து

---

மல்லாகம் முகாம்
09.02.2003

பாசமுள்ள அக்காவுக்கு,

தம்பி மூர்த்தி எழுதிக்கொள்வது. நான் சுகம். மைதிலியும் சுகம், என்னோடை கோபம் மட்டும். உங்கடை முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசுங்கோ.

அக்கா, எங்கடை முகாமிலை ஏன் சீமெந்து இல்லை எண்டு உங்களுக்குத் தெரியாது. நீங்கள் அதுக்கு முன்னம் வெளிநாடு போட்டியள். தொண்ணூறாம் ஆண்டு மயிலிட்டியை விட்டு ஓடி வந்த முதல் மாதமே வேப்பமரத்துக்குக் கீழை கூடி முடிவெடுத்தனாங்கள். இந்தக் காணியிலை சீமெந்து குழைக்கிறேல்லை. தென்னம்பிள்ளை வைக்கிறேல்லை. கூரைக்குக் கிடுகு, நிலத்துக்குச் சாணி. ஏனெண்டால் இது எங்கடை இடம் இல்லை. ஒரு சிரட்டை சீமெந்து போட்டாலும், இவை இஞ்சையே இருந்திட்டினம் எண்டு எழுதிப்போட்டு ஊரைத் தராமல் விட்டிடுவாங்கள். போன கிழமை வந்த ஒரு வெள்ளைக்காரர் சின்னப் பிள்ளையள் ஓடி விளையாடுறதைப் பார்த்திட்டு, "சந்தோசமாய்த் தானே இருக்கினம்" எண்டவர். எங்கடை ஊர்ப் பரராசசிங்கத்தாருக்கு வந்த கோபத்திலை, குடுத்த தேத்தண்ணியைத் திருப்பி வாங்கிப் போட்டார்.

இப்ப சமாதானம் எண்டு ஒரு வருசமாச்சு. பாதை திறந்திட்டாங்கள். எங்கடை ஊரிலை மட்டும் ஆமி இருக்கிறான். இண்டைக்கோ நாளைக்கோ விடுவான். இந்த நேரம் பார்த்துக் கம்பம் நட்டால் என்ன நினைப்பாங்கள்?

உங்கடை கிழவியிட்டை ஒண்டு கேட்டுச் சொல்லுங்கோ. அவை திரும்பித் தங்கடை ஊருக்குப் போனவையோ?

உங்கள் தம்பி,
உருத்திரமூர்த்தி

---

கெல்சென்கிர்ச்சன்
02.03.2003

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைச்சது. நல்லெண்ணெய் பூசினனான். மணத்துக்கு யன்னலைத் திறந்த கணேசு குளிருக்குத் தும்மித் திரியிறான். மற்றபடி குறையொண்டும் இல்லை. நீங்களும் அப்பிடியே இருக்க வேணும்.

ஃபிரௌ மிர்ட்சாவின்ரை கதை கேக்கக் கேக்க எனக்கு வாய் மூட ஏலாமல் கிடக்கு. முகாமுக்கு வந்த மூண்டாம் கிழமையே பாட்டுக் குழு தொடங்கினவையாம். புத்தகம் இல்லை. ஒராளுக்கு முதல் அடி ஞாபகம், இன்னொராளுக்கு இரண்டாம் அடி. சேர்த்துச் சேர்த்து எழுதினவை. பாடேக்கை போட அவையின்ரை ஊர் உடுப்பு வேணும் எல்லே, ஆமிக் கம்பளியை வெட்டிப் பாவாடை, சீனிச் சாக்கை வெளுத்துச் சட்டை. நாடகம் போட்டவை. பள்ளிக்கூடம் வைச்சவை. பெடியள் கூடைப்பந்திலை இங்கிலீசு ஆமி ரீமை வெண்டவங்களாம். காலமை இவையை வரிசையிலை விட்டு எண்ணின அதே ஆமிக்காரன் பின்னேரம் வேலிக்கு அங்காலை நிண்டு கை தட்டுவானாம்.

இன்னும் கேள். ஒரு கோடைக்கு மற்ற முகாமுகளிலை இருந்தும் சனம் லொறி லொறியாய் வந்து, ஒரு பெரிய மைதானத்திலை நிண்டு எல்லாருமாய்ப் பாடினவை. ஆயிரக்கணக்கிலை. மிர்ட்சாவுக்கு அண்டைக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். "வாயை மட்டும் அசைச்சன், ஒருத்தருக்கும் தெரியேல்லை" எண்டு இப்பவும் வெக்கப்படுறா. நல்ல மனிசி.

மிதுஷாவின்ரை கரப்பந்து மச்சுக்கும் வந்து வாங்கிலிலை இருந்து கத்தினவ. நடுவர் வந்து "அம்மா, சத்தம் குறையுங்கோ" எண்டவர். அவரைப் பார்த்து லத்வியா மொழியிலை ஏதோ சொன்னா. மிதுஷாவுக்கே விளங்கேல்லை. நடுவர் திரும்பிப் போய் விசிலை ஊதினார்.

நீ கேட்ட மற்றது ஆறுதலாய்க் கேட்டு எழுதிறன்.

அன்பு அக்கா,
நாகமுத்து

---

மல்லாகம் முகாம்
23.03.2003

பாசமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். வெய்யில் தொடங்கிட்டுது. மிதுஷா வெண்டதோ தோத்ததோ எண்டு எழுதேல்லை. கிழவி கத்தினது மட்டும் எழுதியிருக்கிறியள்.

கடிதத்தை மைதிலி எடுத்து வாசிச்சுப் போட்டாள். சீனிச் சாக்குச் சட்டைக் கதை இப்ப முகாம் முழுக்கத் தெரியும். வைகாசியிலை இடம்பெயர்ந்த ஊருகளுக்குள்ளை ஒரு பெண்கள் போட்டி நடக்கப் போகுதாம். எங்கடை பெட்டையள் கமுக மரத்தை மண்ணுக்குள்ளை இறக்கிப் பார்த்தவை. இது இளகின செம்மண். நெற்றை இழுத்துக் கட்டக் கம்பம் சாயுது. சீமெந்து போட்டால் தான் நிக்கும் எண்டு மைதிலி என்னட்டைக் கேட்டவள். ஏலாது எண்டிட்டன்.

நான் கேட்டதுக்கு மறுமொழி வரேல்லை.

உங்கள் தம்பி,
உருத்திரமூர்த்தி

---

கெல்சென்கிர்ச்சன்
06.04.2003

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாரும் சுகம், உங்கடை சுகத்தையும் கும்பிட்டுக் கேக்கிறன். மிதுஷா தோத்தவள். அதாலை தான் எழுதேல்லை. ஆனால் நல்லாய் விளையாடித் தோத்தவள்.

இஞ்சை வெய்யில் கண்ணிலை படத் தொடங்கியிருக்கு. மிர்ட்சாவுக்குத் தடிமல், மிளகுத் தண்ணி வைச்சுக் குடுத்தனான். இந்தமுறை புதினம் பெரிசாய் இல்லை. உள்ளுக்கு மைதிலிக்கு ஒரு துண்டு வைச்சிருக்கிறன், அவளிட்டைக் குடு. பொம்பிளையளின்ரை கதை, நீ பார்க்கத் தேவையில்லை.

அன்பு அக்கா,
நாகமுத்து

(அதே உறைக்குள் மடித்து ஒட்டிய துண்டு)

மைதிலிக்குஞ்சு,

மாமி சொல்லுறன், அப்பரைப் பார்த்துக்கொண்டு நிண்டால் போட்டி முடிஞ்சிடும். நீங்கள் கம்பத்தை நடுங்கோ. நட்டாப் பிறகு கொப்பர் குதிப்பார், பிறகு ஆறுவார். சின்னனிலை இருந்து எனக்குத் தெரியும். எதையும் நல்ல நேரத்திலை தொடங்க வேணும். இஞ்சை தமிழ்க் கடையிலை தந்த கலண்டரிலை பார்த்தனான். 27.04.2003 ஞாயிறு பின்னேரம் ஐஞ்சு மணி, அருமையான நேரம். தேங்காய் ஒண்டு உடைச்சுப் போட்டுத் தொடங்குங்கோ.

மாமி

---

மல்லாகம் முகாம்
11.05.2003

அக்காவுக்கு,

சுகம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலரை தொடக்கம் ஆறு மணி மட்டும் ராகுகாலம் எண்டு மயிலிட்டியிலை ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். உங்கடை கடைக்காரர் தந்த கலண்டர் ஜேர்மனியிலை பொழுது விடியிற நேரத்துக்குக் கணிச்சது. உங்கை சூரியன் எட்டு மணி மட்டும் நிக்குது. இஞ்சை ஆறேகாலுக்கு மறைஞ்சிடும். மைதிலிக்கும் தெரிஞ்சிருக்கு. "மாமி சொன்னவ, மாமிக்குத் தெரியாதோ?" எண்டு நட்டிருக்கிறாள்.

நான் பக்கத்து முகாமுக்குக் கூட்டத்துக்குப் போட்டு வாறன், முகாமுக்கு நடுவிலை இரண்டு கம்பம். அடியிலை சீமெந்து. பக்கத்திலை உடைச்ச தேங்காய். சனம் ஒரு பக்கம் சீமெந்து எண்டு சத்தம், ஒரு பக்கம் ராகுகாலம் எண்டு சத்தம். கிழடுகள் எல்லாம் என்ரை முகத்தைப் பார்க்குதுகள். பதின்மூண்டு வருசம் ஒரு குடும்பமும் மீறாததைத் தலைவரின்ரை மகள் மீறினாள். ஈரம் காய முன்னம் நானே பிடுங்கினன். பெட்டையள் நிண்டு பார்த்தவை. ஒருத்தியும் அழேல்லை. அது தான் எனக்குக் கரைச்சல்.

போட்டிக்கு எங்கடை ஊர்ப் பேர் இல்லை. மைதிலி எனக்குச் சோறு போடுறாள். கதைக்கிறேல்லை.

அந்த மனிசியின்ரை பாட்டுக் கதையும் பந்துக் கதையும் இனி வேண்டாம். எழுதுறதெண்டால் ஒண்டே ஒண்டை எழுதுங்கோ. அவை ஊருக்குப் போனவையோ, இல்லையோ?

உருத்திரமூர்த்தி

---

கெல்சென்கிர்ச்சன்
01.06.2003

அன்புள்ள தம்பிக்கு,

சுகமாய் இரு. அதை விட எனக்கு ஒண்டும் வேண்டாம்.

பிழை என்னிலை தான். பதின்னாலு வருசம் இந்தச் சூரியனுக்குக் கீழை இருந்து எனக்கு எங்கடை ராகுகாலம் மறந்து போச்சு. ஹம் எண்ட ஊர் அம்மன் கோயிலுக்குப் போய் விளக்கேத்தினனான். நேரம் பாராமல் ஏத்தினனான்.

பெட்டையை ஏசாதை. துண்டு வைச்சது நான்.

மிச்சம் எழுதக் கை வரேல்லை. மறுமொழி போடு.

அக்கா

---

கெல்சென்கிர்ச்சன்
20.07.2003

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாள் உங்களைக் காப்பாத்தட்டும். ஆனி முழுக்கத் தபால்காரனைப் பார்த்துக்கொண்டு நிண்டன். நீ எழுதேல்லை. நீ கேட்டதைச் சொல்லாமல் நான் மறுமொழி கேக்கிறது முறையில்லை.

அவை போகேல்லை, தம்பி.

மிதுஷா முதல் நாளே கேட்டு எனக்குச் சொன்னவள். உனக்கு எழுதக் கடுதாசி எடுப்பன், பாட்டை எழுதுவன், நெற்றை எழுதுவன், இதுக்கு வரேக்கை பேனை நிண்டிடும். இதைச் சொல்லுற வசனத்தை, நான் படிச்ச அஞ்சாம் வகுப்பு மட்டும், எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை.

ஊரை ரஷ்யன் விடேல்லை. நாலைஞ்சு வருசத்திலை முகாமைப் பூட்டிப் போட்டாங்கள். மிர்ட்சாவின்ரை ரீமிலை நிண்டவையிலை இரண்டு பேர் அமெரிக்கா, ஒருத்தி அவுஸ்திரேலியா, ஒருத்தி கனடா. இவவையும் தாயையும் ஒரு நாடும் எடுக்கேல்லை. தாயின்ரை நெஞ்சைப் படம் பிடிச்சதிலை ஏதோ புள்ளி இருந்ததாம். கடைசி லொறி வெளிக்கிட, மைதானத்திலை நிண்டது இவவும் கம்பமும் தான். ஊர் திரும்பத் திறக்கேக்கை இவவுக்கு அறுபத்தைஞ்சு வயசு. போய்ப் பார்த்திட்டு வந்தவ. வீட்டிலை வேறை ஆக்கள். இருத்தி, சாப்பாடு குடுத்து அனுப்பினவை. கடல் மட்டும் அப்பிடியே இருந்ததாம்.

நீ சீமெந்துக்குப் பயப்பிடுறதை நான் மிதுஷாவைக் கொண்டு சொல்லுவிச்சன். "மைதானம் அவ்வளவு நல்லாய்ப் போட்டபடியால் தான் உங்களை ஊருக்கு விடேல்லையோ?" எண்டு அவள் கேட்டாள். மனிசி கோபப்பட்டதை அண்டைக்குத் தான் கண்டன். கோப்பியைத் தள்ளி வைச்சிட்டா. "ஊரைப் பிடிச்சு வைச்சிருந்தது ஆமியின்ரை துவக்கு. பந்து இல்லை. உன்ரை பாட்டியின்ரை தம்பிக்குச் சொல்லு, நாங்கள் விளையாடாமல் இருந்திருந்தாலும் அவ்வளவு வருசமும் போயிருக்கும்" எண்டா.

அவ சொன்னதைச் சொன்னபடி எழுதிப் போட்டன். நீ பெரிய பொறுப்பிலை இருக்கிற ஆள். இனி உன்ரை விருப்பம். நீ கம்பம் நட வேணும் எண்டு நான் கேக்கேல்லை. ஒரு வரி எழுது.

அன்பு அக்கா,
நாகமுத்து

---

மல்லாகம் முகாம்
14.09.2003

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மைதிலி சுகம். எழுதப் பிந்திப் போச்சு, மன்னியுங்கோ.

அவை போகேல்லை எண்டு எனக்குப் பங்குனியிலேயே தெரியும். போயிருந்தால் நீங்கள் முதல் கடிதத்திலேயே கொட்டை எழுத்திலை எழுதியிருப்பியள். தெரிஞ்சு கொண்டு தான் திரும்பத் திரும்பக் கேட்டனான். நீங்கள் பொய் சொல்லி "ஓம், போனவை" எண்டு எழுத மாட்டியளோ எண்டு ஒரு ஆசை.

கிழவி சொன்னதை ஒருத்தருக்கும் காட்டாமல் வைச்சிருந்தன். மைதிலிக்கு இஞ்சை வரேக்கை பதின்னாலு வயசு. இப்ப இருபத்தேழு. எங்கடை ஊரிலை ஓடித் திரிய வேண்டிய வயசெல்லாம் சாணி மெழுகின நிலத்திலை கழிஞ்சு போச்சு. நான் பத்திரமாய்ப் பொத்தி வைச்சிருந்தது சீமெந்தை. வருசத்தைப் பொத்தி வைக்க எனக்குத் தெரியேல்லை.

போன மாதம் கூட்டம் வைச்சுக் கடிதத்தை வாசிச்சுக் காட்டினன். பரராசசிங்கத்தார் தான் எழும்பி, "சீமெந்து நிலத்திலை விழக்கூடாது, அவ்வளவு தானே?" எண்டார். அவர் முந்தி மீன் லொறி ஓட்டினவர் எல்லே. பழைய லொறி ரயர் இரண்டை உருட்டிக்கொண்டு வந்தார். ரயருக்குள்ளை கம்பத்தை நிமித்தி வைச்சு, சுத்தவரச் சீமெந்தை ஊத்தினம். குழைச்சதும் எங்கடை காணியிலை இல்லை, றோட்டுக்கு அங்காலை பள்ளிக்கூட வளவிலை. சட்டம் சட்டம் தான். வியாழக்கிழமை காலமை, இஞ்சத்தைக் கலண்டர் பார்த்து.

கம்பம் இப்ப நிலத்திலை ஊன்றேல்லை, நிலத்துக்கு மேலை நிக்குது. விளையாட்டு முடிய, பொழுது பட முன்னம் சரிச்சு என்ரை கொட்டிலடிக்கு உருட்டிக்கொண்டு வந்து போட வேணும். இரவிலை ஒண்டும் நிக்கக் கூடாது எண்டது என்ரை கட்டளை. ஊருக்குப் போகேக்கை இதையும் உருட்டிக்கொண்டு போவம்.

மைதிலி என்னோடை கதைச்சவள். "பாரம், பிடியுங்கோ அப்பா" எண்டாள்.

உங்கள் தம்பி,
உருத்திரமூர்த்தி

---

கெல்சென்கிர்ச்சன்
05.10.2003

என்ரை ஆசைத் தம்பிக்கு,

உன்ரை கடிதம் வந்த அண்டைக்கு முழங்கால் நோ எங்கை போச்சோ தெரியாது. மூண்டு மாடி ஏறிப் போய் மிர்ட்சாவின்ரை கதவைத் தட்டினன். மிதுஷா வாசிச்சுச் சொல்லச் சொல்ல மனிசி சிரிச்சுச் சிரிச்சு இருமல் எடுத்து, நான் தான் முதுகு தடவினது. "எங்கடை முகாமிலை எஞ்சினியர் இருந்தவை, டொக்டர் இருந்தவை, பேராசிரியர் இருந்தவை. உருட்டிக்கொண்டு போற மைதானம் ஒருத்தருக்கும் தோன்றேல்லை" எண்டா. பரராசசிங்கத்தாருக்கு அதைச் சொல்லு. எனக்கு அண்டைக்கு வந்த பெருமையைச் சொல்ல ஏலாது. அவையைப் பார்த்து நான் வியந்தன். இப்ப அவ எங்களைப் பார்த்து வியக்கிறா.

பந்தைத் தூக்கிக் குடுக்கிறது ஆர் எண்டு கேக்கிறா. மைதிலி தான் எண்டு சொல்லிப் போட்டன். பிழையெண்டால் திருத்து.

சுகமாய் இருங்கோ எல்லாரும்.
அன்பு அக்கா,
நாகமுத்து

---

மல்லாகம் முகாம்
06.11.2003

பாசமுள்ள அக்காவுக்கு,

சுகம், சந்தோசம். மாரி தொடங்கிட்டுது. தூக்கிக் குடுக்கிறது மைதிலி தான், சரியாய்த் தான் சொல்லியிருக்கிறியள்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து முகாம் பெட்டையள் எங்களோடை விளையாட வந்தவை. வந்து இறங்கினவுடனை எங்கடை பெட்டையளின்ரை கையைப் பார்த்தே முகம் கறுத்துப் போச்சு. இரண்டு மாதம் ஒவ்வொரு நாளும் ரயர் உருட்டின கை. "இவையள் என்னத்தைச் சாப்பிடுறவை?" எண்டு அந்த ரீமின்ரை மாஸ்ரர் என்னைக் கேட்டவர். "சீமெந்து" எண்டார் பரராசசிங்கத்தார்.

முதல் ஆட்டம் தோத்து, மற்ற இரண்டும் வெண்டவை. மைதிலி கடைசிப் பந்தைப் பின்பக்கத்தாலை தூக்கிக் குடுத்தாள். அவள் எங்கை குடுக்கிறாள் எண்டு எனக்கே தெரியேல்லை, அங்காலை நிண்டவைக்கு எங்கை தெரியும்? சனம் "மயிலிட்டி, மயிலிட்டி" எண்டு கத்தினது. அந்தப் பேரை இவ்வளவு பேர் ஒண்டாய்ச் சொல்லி நான் கேட்டுக் கன காலம். உங்கடை கிழவி மாதிரி நானும் வாயை மட்டும் அசைச்சன்.

பிறகு எல்லாரும் பெட்டையளைத் தூக்கிக்கொண்டு கோயிலடிக்குப் போட்டினம், சர்க்கரைப் பொங்கல். வானம் இருண்டு கொண்டு வந்தது. மைதானத்திலை நானும் பரராசசிங்கத்தாரும் தான். அவர் கம்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தலைவர், பொழுது படுகுது. உருட்டுவமோ?" எண்டார்.

"மழை வருது, நனையாமல் வாரும்" எண்டு கூட்டிக்கொண்டு போட்டன்.

இண்டைக்கு வியாழன். நாலு இரவு போட்டுது, இதை எழுதேக்கையும் கம்பம் இரண்டும் மழைக்குள்ளை நிக்குது. ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை.

உங்கள் தம்பி,
உருத்திரமூர்த்தி